ஓய்ந்த ஊற்று மீண்டும் பீறும்

(பாலாற்றங்கரையில், வாலாசாபாத்தில் தமிழன்பர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்.)

வேலை முடித்த களைப்போடு, வீடு போய்ச் சேராமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிலகத் தம்பிமார்களே! தங்கையரே!

கூட்டத்திற்கு வருமுன் உங்கள் ஊர்ப் பாலாற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். கண்ணுக்கெட்டிய தொலைவும் மணல், மணலுக்கிடையே முட்புதர். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “ஐயா, இந்த ஆறு செத்துப் போய்விட்டதே!” என்று வருந்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செத்த ஆறா 2021 நவம்பரில் இருகரையும் புரளப் போனது? ஆறு படுத்திருக்கிறது, சாகவில்லை. மணலைத் தோண்டிப் பாருங்கள், ஊற்று இருக்கும்” என்றார். நான் இன்று ஒரு மணி நேரம் பேச வந்த செய்தியை அவர் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டார். ஓய்ந்தது வேறு, மாய்ந்தது வேறு. ஓய்ந்தது மீண்டும் எழும்போது பழைய தடத்திலேயே எழும். ஆனால், எழுவதற்கு அதற்கு ஏதேனும் ஊட்டம் வந்து சேரவேண்டும். இம்மூன்றையும் வானத்தில் காட்டுவதே என் பொழிவு.

தமிழ்க் கூட்டத்தில் வானியலுக்கு என்ன வேலை என்று கேட்பார் கேட்கலாம். தமிழைப்பற்றி மட்டுமே தமிழில் பேசிக்கொண்டிருந்தால் தமிழ் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும் மொழியாகிவிடும். உலகத்தைப்பற்றித் தமிழில் பேசவேண்டும். உலகிற்கு அப்பாலுள்ளவற்றைப்பற்றியும் பேசவேண்டும். அதுவே மொழிக்கு உடற்பயிற்சி.

கையிலுள்ள கருவி

தம்பிமார்களே! நீங்கள் நாள்தோறும் கோத்துத் தரும் கைப்பேசி என்ன செய்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஓர் அலையை வாங்குகிறது; ஓர் அலையை விடுகிறது. அவ்வலையும் ஒளியே. நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு அளவினது. கைப்பேசி அலையின் நீளமோ ஏறத்தாழ ஒரு சாண். மக்கள் ரேடியோ அலை என்று வழங்கும் இதனை நாம் வானலை என்போம்.

இங்கு வரும் வழியில் தேநீர்க் கடையில் ஒரு தம்பி கேட்டார்: “ஐயா, நாங்கள் செய்யும் கருவிக்கு அலை கோபுரத்திலிருந்து வருகிறது. கோபுரம் இல்லாத வானத்திலிருந்தும் வருமா?” வரும், தம்பி! 1932-33இல் அமெரிக்காவில் கார்ல் சான்சுகி என்னும் தொலைபேசிப் பொறியாளர், உரையாடலுக்கு இடையூறான இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்; அதில் ஒரு பகுதி நம் பால்வெளியிலிருந்தே வருவதைக் கண்டார். உங்களைப்போல் அலைக்கருவியோடு வேலை செய்த ஒருவரே வானலை வானியலின் வாயிலைத் திறந்தவர்.

ஒன்றை முன்னரே சொல்லிவிடுகிறேன். நம் மேடைகளில் எந்தப் புதுமையைப் பேசினாலும், “இதனை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்” என்று முடித்துக் கைதட்டல் வாங்கும் பழக்கம் ஒன்று உண்டு. நான் அதனைச் செய்யப் போவதில்லை. நான் சொல்லவிருப்பதைச் சங்கச் சான்றோர் அறிந்திருக்கவில்லை, அறிந்திருக்கவும் இயலாது, அதனால் அவர்க்கு ஓர் இழுக்கும் இல்லை. பொய்யான பெருமை மெய்யான பெருமையையும் சேர்த்துக் கெடுக்கும்.

இரண்டு மடல்கள்

வானில் அன்னப் பறவையின் பெயர் கொண்ட விண்மீன் கூட்டம் ஒன்றுண்டு. அத்திசையிலிருந்து மிக வலிய வானலை வருவதை 1940களில் கண்டனர். அது புள்ளியா, பரப்பா என்பது விளங்கவில்லை. 1953இல் இங்கிலாந்தில் செனிசன் என்பவரும், கல்கத்தாவிலிருந்து சென்று அவரோடு பணியாற்றிய மிருணாள் குமார் தாசுகுப்தா என்பவரும் அதனை அளந்து, அஃது ஒன்றன்று, இரண்டு என்று காட்டினர். ஒரு விண்மீன்திரள் நடுவே இருக்கிறது. வானலையோ பெரும்பகுதி அதிலிருந்து வரவில்லை. அதன் இருபுறமும் வெட்டவெளியில் விரிந்து நிற்கும் இரண்டு மடல்களிலிருந்து வருகிறது! அதன் தொலைவு ஏறத்தாழ 75 கோடி ஒளியாண்டு. விளக்கு நடுவே இருக்க, வெளிச்சம் மட்டும் தெருவின் இருகோடியிலும் தெரிந்தால் எப்படியோ, அப்படி.

இவ்வாற்றல் நடுவிலிருந்து கோடிகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதற்கு விடை கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

பீற்று

பெருந்திரள்களின் நடுவே கருந்துளை ஒன்று உண்டு. நம் கதிரவனைப்போல் பல இலக்கம் மடங்கு, சிலவற்றில் பல நூறு கோடி மடங்கு பொருண்மை கொண்டது. தன்னை நெருங்கிய வளியையும் தூசியையும் அது வட்டமாகச் சுழற்றித் தட்டாக்கி, மெல்ல மெல்ல உள்ளே இழுக்கிறது. இழுத்தது முழுவதும் உள்ளே போவதில்லை. சுழலும் தட்டும் அதனோடு முறுக்கேறிய காந்தப்புலமும் சேர்ந்து, ஒரு பங்கினைச் சுழலச்சின் இருமுனை வழியே ஒளியின் விரைவை நெருங்கும் விரைவில் வெளியே தள்ளுகின்றன. நீர்க்குழாயில் விரலை வைத்து அழுத்தினால் நீர் எப்படி மெல்லிய கோடாய்ப் பீறிட்டு எழுகிறதோ, அப்படி எழுகிறது. இதற்குத் தாரை என்று சிலர் எழுதுவர். நமக்குப் பீறுதல் என்னும் சொல் இருக்கிறது. எனவே பீற்று என்போம். வண்டித் தொழிலகத்தில் வண்ணம் பீற்றுவோர்க்கு இச்சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்பீற்று திரளைக் கடந்து, புறவெளியிலுள்ள மெல்லிய வளியைத் துளைத்துக்கொண்டு போகிறது. முனையில் அவ்வளியோடு மோதுமிடம் சுடராய்த் தெரியும்; அதனைச் சுடர்முனை என்போம். மோதிய பொருள் பின்னோக்கி விரிந்து மடலாகிறது. மடலுக்குள், பாடநூல்கள் எலக்ட்ரான் என்று குறிக்கும் மின்னன்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுருண்டு ஓடுகின்றன. ஓடும்போது வானலையை வெளிவிடுகின்றன. நாம் கேட்பது அதனைத்தான்.

பேருருவத் திரள்கள்

நம் பால்வெளித் திரளின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலக்கம் ஒளியாண்டு, அதாவது நூறாயிரம் ஒளியாண்டு. நமக்கு அண்டையிலுள்ள பெருந்திரளான ஆந்திரமேடா 25 இலக்கம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. இனி இதனைக் கேளுங்கள். ஒரு மடலின் கோடியிலிருந்து மறு மடலின் கோடி வரை 23 இலக்கம் ஒளியாண்டுக்கு மேல் நீண்டிருந்தால், அதனைப் பேருருவ வானலைத் திரள் என்று வகைப்படுத்துகின்றனர். இங்கிருந்து அண்டைத் திரள் வரையுள்ள இடைவெளியை ஒரே திரளின் பீற்று அடைத்து நிற்கிறது!

1974இல் வில்லிசு, சுதிராம், வில்சன் என்னும் மூவர் நெதர்லாந்திலுள்ள வெசுடர்போர்க்குத் தொலைநோக்கியால் இத்தகைய பேருருவங்கள் இரண்டைக் காட்டினர். அவற்றுள் ஒன்று 3சி 236 என்பது. அதன் நீளம் ஏறத்தாழ 1 கோடியே 40 இலக்கம் ஒளியாண்டு. 2022இல் அல்சியோனியசு என்று பெயரிடப்பட்டது 1 கோடியே 60 இலக்கம். 2024இல் அறிவிக்கப்பட்ட போர்பிரியோன் 2 கோடியே 30 இலக்கம். இவ்விரண்டும் கிரேக்கப் பழங்கதைகளில் வரும் பேருருவர்களின் பெயர்கள். கண்டவர்க்குப் பெயரிடும் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. 1974இல் இரண்டாய் இருந்த பட்டியல், 2024இல் பதினோராயிரத்தைக் கடந்துவிட்டது.

இவ்வளவு நீளம் வளர எத்தனைக் காலம் வேண்டும்? பல கோடி ஆண்டுகள். இங்குதான் வினா பிறக்கிறது. அத்தனைக் கோடி ஆண்டுகளும் அந்தப் பீற்று இடையறாமல் ஓடிக்கொண்டா இருந்தது?

மணியின் ஓசை

கோயிற் பெருமணியை ஓங்கி அடித்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். அடித்தவுடன் கணீர் என்னும் உயர்ந்த ஓசையும், அடியில் ஓம் என்னும் தாழ்ந்த ஓசையும் சேர்ந்து வரும். கணீர் ஓசை விரைவில் அடங்கும். தாழ்ந்த முழக்கம் நெடுநேரம் நிற்கும். காதை வைத்துக் கேட்டால், மணியை எப்போது அடித்திருப்பர் என்றுகூட ஒருவாறு சொல்லிவிடலாம்.

மடல்களிலும் இதுவே நிகழ்கிறது. மிகுந்த ஆற்றலுடைய மின்னன்கள் உயர்ந்த அலைவெண்ணில் ஒலிக்கும். ஆற்றலை விரைவில் செலவழித்துவிட்டு அடங்கும். குறைந்த ஆற்றலுடையவை தாழ்ந்த அலைவெண்ணில் பல கோடி ஆண்டு ஒலித்துக்கொண்டிருக்கும். பீற்று ஓடிக்கொண்டிருக்கும்வரை புதிய மின்னன்கள் வந்து சேரும். உயர்ந்த ஓசையும் கேட்கும். பீற்று நின்றுவிட்டால் முதலில் சுடர்முனை மங்கும். பின் உயர்ந்த ஓசை போகும். தாழ்ந்த ஓசை மட்டும் எஞ்சும். எந்த அலைவெண்ணுக்குமேல் ஓசை அற்றுப் போயிற்று என்று அளந்து, மடலின் அகவையைக் கணக்கிடுகின்றனர்.

ஆகவே, நின்றுபோன பீற்றின் எச்சத்தைக் கேட்கவேண்டுமானால், தாழ்ந்த அலையைக் கேட்கும் காது வேண்டும். இதனை உள்ளத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் உதகைக்குப் போகும்போது இது வேண்டும்.

மற்றொன்று. மேலே அணையை அடைத்தவுடன் கீழே ஆறு வற்றிவிடுவதில்லை. ஏற்கெனவே புறப்பட்ட நீர் வந்துகொண்டே இருக்கும். பேருருவத் திரளிலும் நடுவில் பீற்று நின்ற செய்தி முனைக்கு எட்டவே பத்து இலக்கம் ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். நடுவண் ஊற்று அடைபட்டிருக்க, முனை மட்டும் ஒன்றும் அறியாமல் சுடர்ந்துகொண்டிருக்கும் காலமும் உண்டு.

ஈரிரட்டை

இனித் தலையாய செய்திக்கு வருகிறேன். சில பேருருவங்களில் வெளியே இரண்டு பழைய மடல்கள் மங்கி நிற்கின்றன. அவற்றுக்கு உள்ளே, அதே கோட்டில், அதே நடுவண் திரளின் இருபுறமும், புதிய மடல்கள் இரண்டு சுடர்முனையோடு ஒளிர்கின்றன. இரட்டைக்குள் ஓர் இரட்டை! 2000ஆம் ஆண்டில் சோன்மேக்கர்சு முதலிய ஆய்வாளர்கள் இவற்றைத் தனி வகையாகத் தொகுத்துக் காட்டினர். ஆங்கிலத்தில் இரட்டை என்னும் சொல்லை இருமுறை அடுக்கிப் பெயர் வைத்தனர். நமக்கு அத்தொல்லை இல்லை. ஈரிரட்டை என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். வானத்தில் அதன் இருப்பிடத்தையே எண்ணாக்கி 1453+3304 என்று வழங்கும் ஓர் ஈரிரட்டை உண்டு. கோனார், சைக்கியா என்னும் இந்திய ஆய்வாளர்களும் யாம்ரோசி, மகால்சுகி என்னும் போலந்து நாட்டு ஆய்வாளர்களும் அதனைப் பல அலைவெண்களில் அளந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வெளி மடல்களின் நீளம் ஏறத்தாழ 42 இலக்கம் ஒளியாண்டு. அகவை 5 கோடி ஆண்டை ஒட்டியது. உள் மடல்களின் நீளம் 5 இலக்கம் ஒளியாண்டு. அகவை 20 இலக்கம் ஆண்டே. தாத்தனின் பெருவீட்டு முற்றத்தில் பெயரன் தவழ்வதைப்போல, பழைய மடல்களின் நடுவே புதியவை தவழ்கின்றன.

நான் முன்னர்க் கூறிய 3சி 236இலும் அப்படியே. 1 கோடியே 40 இலக்கம் ஒளியாண்டு நீண்ட அப்பேருருவின் நடுவே, சில ஆயிரம் ஒளியாண்டே அளவுள்ள ஒரு குறும்பீற்று உள்ளது. வெளியே முதுமை, உள்ளே குழவிப் பருவம்.

இரண்டோடும் நிற்கவில்லை. 0925+420 என்னும் திரளில் மூன்று இணை மடல்கள் இருப்பதை 2007இல் பிராக்சாப்பு என்பவரும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். 2011இல் ஆனந்த ஓதா என்னும் இந்திய ஆய்வாளரும் அவர் குழுவினரும் இசுபெகா என்று பெயரிட்ட திரள் ஒன்றில் மும்முறைப் பீற்றின் தடங்களைக் கண்டனர். அது சுருள் வடிவத் திரள். இத்தகைய பெரும்பீற்றுகள் நீள்வட்டத் திரள்களிலிருந்தே எழுவது பெருவழக்கு. சுருள் திரளில் எழுவது மிக அரிது. இவற்றை நாம் மூவிரட்டை என்போம்.

உங்கள் பக்கத்திலேயே ஒரு சிற்றொப்புமை உண்டு. திருப்பெரும்புதூரில் 2006இல் ஓடத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிலகம் 2014இல் அடைக்கப்பட்டது. ஆண்டுகள் சில வாயில் பூட்டியே கிடந்தது. 2020இல் வேறு நிறுவனம் ஒன்று அதே வளாகத்தில் வேலையைத் தொடங்கிற்று. பழைய சுவரும் பழைய சாலையும் அப்படியே, ஓட்டம் புதியது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: கட்டடம் தானாக உயிர்பெறவில்லை, பொருளும் கையும் வந்து சேர்ந்த பின்னரே உயிர்பெற்றது.

பழைய தடத்தில் புதிய வெள்ளம்

இரண்டாம் பீற்றின் வழி முதற்பீற்றின் வழியாகவே இருப்பதைக் கவனியுங்கள். இடையே இலக்கக் கணக்கிலும் கோடிக் கணக்கிலும் ஆண்டுகள் கடந்துள்ளன. ஆயினும் ஈரிரட்டைகளில் உள் மடலும் வெளி மடலும் பெரும்பாலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அப்படியானால், நடுவண் கருந்துளையின் சுழலச்சு அத்தனைக் காலமும் திசை மாறாமல் நின்றிருக்கிறது என்று பொருள். ஊற்று அடங்கியது, அச்சு அசையவில்லை.

ஆனால் இங்கொரு சிக்கல் உண்டு. முதற்பீற்று தன் வழியிலிருந்த வளியை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டது. இரண்டாம் பீற்று ஏறத்தாழ வெறுமையான கூட்டுக்குள் போகிறது. மோதுவதற்குப் பொருள் இல்லையென்றால் சுடர்முனை எப்படித் தோன்றும்? மடல் எப்படி விரியும்? வெற்று மணலில் பாய்ந்த முதல் நீரைப்போல் சுவடின்றிப் போகவேண்டுமே! 2000ஆம் ஆண்டில் கைசர் முதலிய ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். கூட்டுக்கு வெளியே மெல்லிய வளியோடு, செறிந்து குளிர்ந்த வளித் திட்டுகளும் உண்டு. முதற்பீற்றின் தாக்கம் அவற்றை அழிப்பதில்லை. கூடு அவற்றைச் சூழ்ந்துகொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அத்திட்டுகள் சிதைந்து கூட்டுக்குள் பரவுகின்றன. இரண்டாம் பீற்று மோதுவது அச்சிதறலோடுதான் என்பது அவர்தம் கருத்து. இடைவெளிக் காலம் வெறும் உறக்கக் காலமன்று. அடுத்த பீற்றுக்குக் களம் அமைந்த காலம் என்க.

இரை

மீண்டும் எழுவது எதனால்? கருந்துளைக்கு இரை வந்து சேர்வதனால். வேறு திரள் ஒன்று வந்து மோதிக் கலக்கலாம். சூழ்ந்த வெம்மையான வளி குளிர்ந்து திட்டுத்திட்டாய் உள்ளே விழலாம். சுழல்தட்டிலேயே நிலைகுலைவு ஏற்பட்டு ஓட்டம் நின்று தொடங்கலாம். எந்தத் திரளில் எது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் ஒன்று உறுதி. கருந்துளை எத்துணைப் பெரிதாயினும், முன்னாளில் எத்துணைத் தொலைவு பீற்றியதாயினும், இரையின்றி ஒரு விரற்கடையும் பீற்றாது. பழம்பெருமை இரையாகாது!

நீலமலைச் சரிவில்

தாழ்ந்த அலையைக் கேட்கும் காது வேண்டும் என்றேன். அக்காது ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. உதகைக்கு அருகில் முத்தொரை என்னும் சிற்றூர் மலைச்சரிவில், 1970இலிருந்து இயங்கி வருகிறது உதகை வானலைத் தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். குழாயை நெடுக்குவாட்டில் பிளந்து மல்லாத்தி வைத்தாற்போன்ற வடிவம். 24 எஃகுச் சட்டங்கள். அவற்றின்மேல் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய துருவேறா எஃகுக் கம்பிகள். அது கேட்பது நொடிக்கு 32 கோடியே 65 இலக்கம் அலைவு கொண்ட அலை; அலைநீளம் 92 செ.மீ.

ஏன் மலைச்சரிவு? நிலவுலகு தன்னைத்தானே சுற்றுவதால் வானப் பொருள்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். கருவி அவற்றைத் தொடரவேண்டும். முத்தொரையின் நிலநேர்க்கோடு 11 பாகையை ஒட்டியது. வடக்கு தெற்காக அதே 11 பாகைச் சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் கருவியைக் கிடத்தினர். அதனால் கருவியின் நீளச்சு, நிலவுலகின் சுழலச்சுக்கு இணையாய் அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். செலவு பெருக வேண்டிய இடத்தில் அறிவு பெருகிற்று. இவ்வெண்ணம் கோவிந்து சுவரூப் என்னும் அறிஞருடையது. அவர் வடநாட்டில் 1929இல் பிறந்தவர், 2020இல் மறைந்தார். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இளைஞர் குழுவோடு, உள்நாட்டுப் பொறியியலைக்கொண்டே இதனைக் கட்டினார். அவர் தமிழரல்லர், ஆயினும் தமிழ் மண்ணின் சரிவைத் தமிழரினும் கூர்ந்து நோக்கியவர். அவர்க்கு நன்றி சொல்வது நம் கடன்.

நிலவு நகர்ந்து ஒரு வானலை ஊற்றை மறைக்கும் நொடியையும், விடுவிக்கும் நொடியையும் அளந்து, அவ்வூற்றின் இடத்தையும் வடிவையும் நுட்பமாய்க் கணிப்பது உதகையின் தொடக்க காலப் பணி. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊற்றுகளை அவ்வாறு அளந்தனர். அப்பட்டறிவின்மேல் எழுந்ததே, புனேக்கு வடக்கே கோடாடில் அதே சுவரூப் தலைமையில் அமைந்த பெருந்தொலைநோக்கி. 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள். 25 கிலோ மீட்டர் பரப்பில் விரிந்தவை. தாழ்ந்த அலைவெண்களைக் கேட்பதே அதன் சிறப்பு. ஓய்ந்த மடல்களின் முழக்கத்தைக் கேட்டு, ஈரிரட்டைகளையும் மூவிரட்டைகளையும் ஆராய்வதில் இந்திய ஆய்வாளர் முன்வரிசையில் நிற்பதற்கு இதுவே கரணியம். 2026 தொடக்கத்திலும், மேற்கு வங்க மேதினிபூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர் தலைமையிலான குழு, 1007+3540 என்னும் திரளை இத்தொலைநோக்கியாலும் நெதர்லாந்தின் உலோபார் தொலைநோக்கியாலும் ஆராய்ந்த முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டு அடங்கியிருந்த பீற்று அங்கு மீண்டும் எழுந்திருக்கிறது. சூழ்ந்த வெம்மை வளி அதன் மடல்களை நெளித்திருக்கிறது.

நமக்கென்ன வேலை?

அன்பர்களே! ஒரு கல்லூரியில், பெரிய பட்டணத்தில்கூட இல்லாத ஒரு கல்லூரியில், பத்துக்கோடி ஆண்டு உறக்கம் கலைந்ததைக் கேட்கிறார்கள். நம் உதகையிலே ஐம்பதாண்டுக்கு மேலாக ஒரு காது வானத்தை நோக்கித் திறந்திருக்கிறது. மலைச் செலவு போகும் நம் மக்கள் படகுத்துறையையும் மலர்த் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். “அதோ தெரிகிறதே, அது என்ன அப்பா?” என்று பிள்ளை கேட்டால், தந்தைக்குச் சொல்லத் தெரிவதில்லை. அது தந்தையின் குற்றமன்று. அவர் கையில் அதனை விளக்கும் தமிழ் நூல் ஒன்றையேனும் நாம் கொடுத்தோமா? கலைச்சொல் வேண்டும் என்று மேடையில் முழங்கினோம். முழங்கிய நாம் எத்தனைப் பேர் ஓர் அறிவியற் கட்டுரையைத் தமிழில் முழுமையாய் எழுதிப் பார்த்தோம்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

சொற்பட்டியல் மட்டும் மொழியை வளர்க்காது. பட்டியலிலுள்ள சொல், வாக்கியத்துள் புகுந்து வேலை செய்தால்தான் உயிர்பெறும். இன்று மாலை பீற்று, மடல், சுடர்முனை, ஈரிரட்டை, மூவிரட்டை என்னும் சொற்களை உங்கள் முன் வைத்தேன். நான் அவற்றைத் தனித்தனியே விளக்கிப் பாடம் நடத்தவில்லை, பயன்படுத்தினேன், நீங்கள் புரிந்துகொண்டீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற தங்கை ஒருவர் முன்வரிசையில் அமர்ந்து தலையசைத்தபடி கேட்டதை நான் கண்டேன். இதைவிடச் சான்று வேறு வேண்டுமோ? இவற்றினும் நல்ல சொல் உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள். என் சொல்லை நானே விலக்கிவிடுகிறேன்.

மூன்று வேலைகளை உங்கள்முன் வைத்து அமர்கிறேன். இங்குள்ள ஆசிரியர்கள், அடுத்த முறை மாணவரை உதகைக்கு அழைத்துச் சென்றால், முத்தொரைச் சரிவையும் காட்டுங்கள். 11 பாகையின் நுட்பத்தைத் தமிழில் சொல்லுங்கள். தொழிலகத் தம்பி தங்கையரே, நீங்கள் கையாளும் அலைக்கருவியின் உறுப்புகளுக்கு உங்களிடையே வழங்கும் சொற்களை எழுதி வையுங்கள். அறிஞர் அறையில் பிறக்காத நல்ல சொல், வேலைத்தளத்தில் பிறக்கும். ஆங்கிலம் கற்ற இளைஞர்களே, ஆண்டுக்கு ஒன்றேனும், நீங்கள் படித்து வியந்த ஓர் ஆய்வினைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

ஓய்ந்தது மாய்ந்ததன்று என்று ஆற்றங்கரை முதியவர் சொன்னார்; வானமும் அதனையே சொல்கிறது. அறிவைத் தமிழில் சொல்லும் அச்சு நம்மிடம் அசையாமல் இருக்கிறது. பழைய தடமும் இருக்கிறது. இல்லாதது இரை ஒன்றே. அந்த இரை நம் உழைப்பு. அதனை இடாமல், “ஒரு காலத்தில் எத்துணைத் தொலைவு பீற்றினோம்” என்று மங்கிய மடல்களைக் காட்டிக்கொண்டிருந்தால், அவையும் ஒருநாள் அடங்கிவிடும். கேட்பதற்குத் தாழ்ந்த ஓசைகூட இராது. இட்டால், பீற்று பழைய தடத்திலேயே மீண்டும் எழும்.